முச்சந்தியில கொட்டின சக்கை

"என்னடி லாமெய், உன் பொண்ணு நிங்நிங்கோட அப்பாவுக்கு இடுப்பு இன்னும் நிமிரலையா?"

பாவ் அக்கா கேட்டதுதான் தாமதம், ஷெட்ல இருந்த பதினோரு பொம்பளைங்களும் கொல்லுனு சிரிச்சாங்க. ஆனா ஒருத்தி கையும் நிக்கல பாருங்க. சீன மலைப்பக்கத்துல இருக்கிற எங்க மின்ஷியான்ல அக்டோபர் கடைசில கை நிக்கவே நிக்காது. உறைபனி விழுந்து இலையெல்லாம் கருகினப்புறம்தான் தாங்குய்ங்கற மருந்து வேரைத் தோண்டுவாங்க. அந்த இருபது நாள் ஊர்ல பொணம் விழுந்தாக்கூட தூக்க ஆள் கெடைக்காது. நெலம் இருக்கறவன் தோண்டுவான், வண்டி இருக்கறவன் ஏத்துவான். மிச்சமிருக்கிற பொம்பளைங்க மொத்தமும் வியாபாரிங்க ஷெட்ல குந்தி, வேர்ல இருக்கிற மண்ணை உதறி, தலை பெருசு தனி, வால் நீளம் தனி, பூச்சி கடிச்சது தனின்னு பிரிச்சு, நார்ல கட்டுக்கட்டா கட்டி, புகைப் பரண்ல ஏத்துவாங்க. அந்த வாசனை இருக்கே, தலைமுடில ஏறினா வசந்தம் வர்ற வரைக்கும் போகாது.

"இடுப்புன்னா சும்மாவா அக்கா," லாமெய் சொன்னா. "மூணு வருஷமா மூட்டை தூக்கின இடுப்பு."

"மூட்டை தூக்கித்தான் போச்சா, இல்ல நீ படுத்தின பாட்டுல போச்சா?"

"நான் படுத்தறதா? வீட்டுக்குப் போயி பூட்ஸைக் கழட்டறதுக்குள்ள தூங்கிடறேன். நான் எங்க படுத்த?"

மறுபடியும் சிரிப்பு. லாமெய்தான் எல்லாரையும் விட சத்தமா சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே விரல் பாட்டுக்கு ஓடுது. அந்த ஷெட்லயே அவ விரல்தான் வேகம். கண்ணை மூடிக்கிட்டு ஒரு வேரைத் தடவினாலே மேட்டு வயலா பள்ளத்து வயலான்னு சொல்லிடுவா.

இடுப்பெல்லாம் ஒண்ணுமில்ல. பொய். அவ புருஷன் ஷிலினோட இடுப்பு இரும்பு மாதிரி இருந்துச்சு. அவனுக்கு வந்தது வேற.

போன வசந்தத்துல ஆரம்பிச்சது. மூணு சக்கர வண்டி வெச்சிருந்தான், மேல் கிராமத்துலேர்ந்து வேர் ஏத்திட்டு வருவான், வழியெல்லாம் பாட்டு. ஒருநாள் பாதி மலையில வண்டிய ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு அழுதிருக்கான். ஏன்னு கேட்டா தெரியலங்கறான். அப்புறம் தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு. லாமெய் அவனைப் பஸ்ல ஏத்தி, தெரிஞ்சவங்க ஒருத்தரும் இருக்கமாட்டாங்கன்னு ரெண்டு ஊர் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கதான் மனச்சோர்வு நோய்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டை நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, பையோட அடித்துணிக்குள்ள வெச்சுத் தெச்சே போட்டுட்டா. ஏன்னா எங்க ஊர்ல அந்த நோய்க்கெல்லாம் ஒரே பேருதான். மூளை கலங்கிடுச்சு. அவ்ளோதான், முடிஞ்சுது. மூளை கலங்கினவனை நம்பி எவன் வண்டில சரக்கு ஏத்துவான்? ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பொண்ணு நிங்நிங்கை மத்த புள்ளைங்க சும்மா விடுமா?

மாத்திரை வேலை செஞ்சுது, இல்லைன்னு சொல்ல முடியாது. அழுகை நின்னுச்சு. ராத்திரி தூங்கறான். ஆனா அலுப்பு போகல. அது என்ன அலுப்புன்னு கேக்கறீங்க? காலைல எழுந்து ஒரு ஷூ போடுவான். இன்னொரு ஷூவைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். லாமெய் மாவு பிசைஞ்சு, ஆவில ரொட்டி வேக வெச்சு, இறக்கிட்டுத் திரும்பிப் பாத்தா, ஷூ இன்னும் கையிலயே இருக்கும். "போட முடியலையா?" "போடணும்." "அப்ப போடேன்." "ம்." அப்புறம் போட்டதையும் கழட்டிட்டு, அடியில கரி போட்டுச் சூடேத்தின மண் மேடையில போய்ப் படுத்துக்குவான். அறுவடை நேரத்துல ஒரு ஆம்பளை பட்டப்பகல்ல படுத்துக் கெடக்கறதை ஜன்னல் வழியா யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு லாமெய் ஜன்னல்ல செய்தித்தாளை ஒட்டினா.

பழைய பாலத்துக்குப் பக்கத்துல மருந்துக்கடை வெச்சிருக்கிற ஜிங் டாக்டர்கிட்ட கடைசியா போனாங்க. நாட்டு வைத்தியர்தான், ஆனா வாய்ச்சவடால் கெடையாது. ரெண்டு கையிலயும் நாடி பாத்தாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு, ஆஸ்பத்திரி மாத்திரைய வாங்கிப் பாத்தாரு.

"இதை நிறுத்தாத. இதுதான் உன் அழுகைய நிறுத்திருக்கு. மிச்சமிருக்கிற அலுப்புக்கு நான் முயற்சி பண்றேன். முயற்சிதான் தம்பி, வாக்கு இல்ல. மூணு மாசம் ஒருநாள் விடாம குடிக்கணும். எழுதினதை எழுதினபடி."

எழுதினது இதான்: சோகை புடிச்ச ஒடம்புக்கு ஹுவாங்சி வேர், மஞ்ச மஞ்சளா சீவினது. எங்க ஊர் தாங்குய். அதிமதுரம். இன்னும் நாலஞ்சு. அதோட வாகைப் பட்டை, காட்டு இலந்தைக் கொட்டை. கடைசி ரெண்டும் மனசுக்கு. எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் அது தெரியும். அங்கதான் வந்துச்சு வினை.

கஷாயம் காய்ச்சின சக்கைய எங்க ஊர்ல குப்பையில போட மாட்டாங்க. முச்சந்தில கொட்டணும். போறவங்க வர்றவங்க மிதிச்சாங்கன்னா நோவு அவங்க கால்ல ஒட்டிக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடும். குப்பைத்தொட்டில போட்டா வீட்டுலயே தங்கிடும். லாமெய் இதையெல்லாம் முன்ன நம்பினவ இல்ல. ஆனா இப்ப நம்பாம இருக்க அவளுக்குத் தைரியம் இல்ல. தெனம் விடியக்காலைல, வேலைக்குப் போற வழில, முந்தின நாள் சக்கைய ஒரு பையில எடுத்துட்டுப் போயி, ஆள் வர்றதுக்குள்ள கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம போயிடுவா.

ஒருநாள் மத்தியானம். எல்லாரும் கிண்ணத்துல உருளைக்கிழங்குக் களியப் போட்டு, புளிச்ச கீரைத்தண்ணிய ஊத்தி, மொளகா எண்ணெய் விட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. பாவ் அக்கா பூட்ஸைக் கழட்டி அடிய ஒரு குச்சியால நோண்டறா.

"அடச்சீ. எவளோ முச்சந்தில கொட்டினதை மிதிச்சுட்டேன். யாரோட நோவோ, எனக்கு வந்து சேரப் போவுது."

"என்ன நோவுன்னு பாத்துட்டுச் சொல்லு, நாங்க தள்ளி உக்காந்துக்கறோம்."

பாவ் அக்கா குச்சி நுனில இருந்ததை எடுத்து மோந்தா. பக்கத்துல இருந்தவகிட்ட நீட்டினா, அவளும் மோந்தா. அப்படியே கை மாறுது, களிக் கிண்ணத்துக்கு மேலேயே.

"வாகைப் பட்டைடி இது."

"கூட இலந்தைக் கொட்டையும் கெடந்துச்சே, காலைல நானும் பாத்தேன்."

"அப்ப இது வயித்துக்கோ மூட்டுக்கோ இல்ல. மண்டைக்கு."

"நம்ம தெருவுல எவனுக்கோ நட்டு கழண்டிருக்கு!"

ஒவ்வொரு வீடா எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. டெய்லர் வீடு? இல்ல, அவன் எப்பவுமே அப்படித்தான். நூடுல்ஸ் கடைக்காரி? அவளுக்கு மூளை இருந்தாத்தானே கலங்கறதுக்கு. லாமெய் வீடு?

"ஐயோ அவங்களுது இடுப்பு மருந்து," பாவ் அக்காவே சொன்னா. "இடுப்புன்னா தூஜோங் பட்டைல்ல இருக்கணும், உடைச்சா வெள்ளி நூலா இழுக்குமே. இதுல அது இல்ல. என்னடி லாமெய்?"

"ஆமா அக்கா. எங்களுது இடுப்பு."

"எவனா இருந்தாலும் சரி, வண்டி ஓட்டறவனா மட்டும் இருக்கக்கூடாதுப்பா. மலை ரோட்டுல நம்மளையும் சேத்துக் கவுத்துடுவான்."

இதுக்கும் சிரிச்சாங்க. லாமெய்யும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே தண்ணி குடிச்சா.

அன்னிக்குச் சாயங்காலம் ஷெட் மூலையில கெடந்த பழைய மூட்டையிலேர்ந்து ரெண்டு கைப்பிடி தூஜோங் பட்டைய ஜாக்கெட் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

மறுநாள் காலைல கஷாயப் பொட்டலத்தைப் பிரிச்சு அடுப்புப் பலகை மேல பரப்பினா. வாகைப் பட்டைத் துண்டு ஒவ்வொண்ணா எடுத்தா. இலந்தைக் கொட்டைய ஒண்ணு ஒண்ணா பொறுக்கினா. நூறு கொட்டை இருக்கும். அவ விரலுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? கஞ்சி கொதிக்கறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. எடுத்த எடத்துல தூஜோங்கைப் போட்டா. பொறுக்கினதை அடுப்புல தள்ளினா. கொட்டை படபடன்னு வெடிச்சுது.

'இதுவும் மருந்துதானே, ஒடம்புக்கு நல்லதுதானே'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. 'ஹுவாங்சி இருக்கு, தாங்குய் இருக்கு, தெம்புக்கு அது போதாதா? அறுவடை முடியற வரைக்கும்தான். அப்புறம் முழுசாக் காய்ச்சிடலாம்.' எதிர்ல மண் மேடையில ஷிலின் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தான். கிண்ணத்தை நீட்டினா எழுந்து உக்காந்தான், ஒரே மூச்சுல குடிச்சான், கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்தான்.

"கசக்குதா?"

"இல்ல."

நாலாவது நாளே பாவ் அக்கா சொல்லிட்டா: "உங்க வீட்டுச் சக்கைய இன்னிக்குப் பாத்தேன்டி, நீதானே கொட்டிட்டுப் போனே? நல்லா தாராளமா தூஜோங் போட்டிருக்காரு டாக்டரு. கவலப்படாத, நிமிந்துடும்."

அஞ்சு வாரம் இப்படியே போச்சு, தூஜோங் தீரத் தீர அதே மூட்டையிலேர்ந்து எடுத்துக்கிட்டா. தோண்டற வேலை முடிஞ்சு, பரண்ல வேர் புகையில காய ஆரம்பிச்சுடுச்சு. முழுசாக் காய்ச்சிடலாம்னு நெனச்சா பாருங்க, அந்த நாள் வரவே இல்ல. ஷெட்ல வேலை இருக்கற வரைக்கும் அந்தப் பதினோரு மூக்கும் இருக்குமே. ஷிலினுக்கு ஒரு மாத்தமும் இல்ல. இப்பல்லாம் முதல் ஷூவையே எடுக்கறதில்ல.

நவம்பர் கடைசில ஒருநாள் மத்தியானம் அவ வீட்டுக்கு வந்தா, ஷிலின் எழுந்து உக்காந்திருக்கான். சட்டை மாட்டியிருக்கான். மடியில ஒரு பிளாஸ்டிக் பை.

"எங்க கெளம்பிட்டே?"

"ஜிங் டாக்டர் போன்ல பேசினாரு. அஞ்சு வாரத்துல இம்மிகூட அசையலன்னா எங்கயோ தப்பிருக்குன்னாரு. காய்ச்சின சக்கைய எடுத்துட்டு வரச் சொன்னாரு."

"எந்தச் சக்கை?"

"காலைலது. சட்டியிலதானே இருந்துச்சு. சொரண்டி எடுத்துட்டேன்."

ஒரு மாசத்துல அவன் தன் கையால செஞ்ச ஒரே வேலை அது. லாமெய் குறுக்க நின்னா. நாளைக்குப் போலாமே, பனி கொட்டப் போவுதே, நான் மட்டும் கொண்டு போறேனேன்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தா. அவன் ரெண்டு ஷூவும் போட்டுட்டான்.

மருந்துக்கடையில ஏழெட்டுப் பேரு பெஞ்சுல வரிசையா உக்காந்திருந்தாங்க. அதுல பாவ் அக்காவும் இருந்தா, மூட்டு வலிக்கு. "வா வா, இப்படி வந்து உக்காரு தம்பி, இடுப்பைப் பாத்து, மெதுவா," அப்படின்னு ஷிலினுக்கு எடம் விட்டா. ஷிலின் ஒண்ணும் புரியாம அவளைப் பாத்தான். லாமெய் தரையைப் பாத்தா.

ஜிங் டாக்டர் ஒரு வெள்ளைத் தட்டுல சக்கையக் கொட்டினாரு. சாப்ஸ்டிக்கால ஒதுக்கி ஒதுக்கிப் பாத்தாரு. அப்புறம் ஒரு பட்டைய எடுத்து ரெண்டா உடைச்சு மெதுவா இழுத்தாரு. ரெண்டு துண்டுக்கும் நடுவுல வெள்ளி நூலா நீண்டுச்சு.

"வென்சிங்!"

மருந்து நிறுக்கிற வென்சிங் தராசைக் கீழ வெச்சுட்டு வந்தா. அம்பது வயசுக்கு மேல இருக்கும், மூக்கு நுனில கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. அந்த முந்நூறு டிராயர்ல எது எங்கேன்னு கண்ணைக் கட்டிட்டு எடுத்துக் குடுப்பா.

"நான் இவருக்கு என்ன எழுதினேன்?"

"வாகைப் பட்டை, இலந்தைக் கொட்டை, ஹுவாங்சி..."

"இது என்ன?"

வென்சிங் பாத்தா. கண்ணாடியத் தள்ளிவிட்டு மறுபடியும் பாத்தா. "தூஜோங்."

"நான் எழுதினேனா?"

"இல்லீங்க. நானும் போடல."

"அப்ப தானா நடந்து வந்து பொட்டலத்துக்குள்ள ஏறிக்கிச்சா? கொட்டை ஒண்ணுகூட இல்ல. பட்டைக்குப் பட்டை மாத்திப் போட்டிருக்கே. அஞ்சு வாரமா ஒரு மனுஷன் எழுதாத மருந்தைக் குடிச்சிருக்கான், தெரியுதா? இதுவே வேற ஏதாவதா இருந்து அவனுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"டாக்டர், நான் ரெண்டு தடவ பாப்பேன். எப்பவும் ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கட்டுவேன்."

"கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

"கண்ணு தெரியுதுங்க."

"கோட்டைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போ. இனிமே டிராயர்ல கை வெக்காத."

வென்சிங் நின்னா. இருபத்தாறு வருஷமா தராசு புடிச்ச கை, கோட்டு பட்டனைத் தேடுது, கெடைக்கல. மேல் பட்டனைக் கழட்டினா. அடுத்தது. ஒருவேளை நான்தான் மாத்திப் போட்டுட்டேனோன்னு அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு, மூஞ்சிலயே தெரிஞ்சுது. லாமெய் அதைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னா. வாயைத் தொறக்கணும்னு நெனச்சா. மூணாவது பட்டனும் கழண்டுச்சு. பாவ் அக்கா பக்கத்துலயே உக்காந்திருக்கா. பேசாம இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுடும், வென்சிங் வீட்டுக்குப் போயிடுவா, புதுசா பொட்டலம் கட்டிக் குடுப்பாங்க, எடுத்துட்டுப் போயிடலாம். இதையும் நெனச்சா. நெனைக்கலன்னு சொன்னா பொய்.

நாலாவது பட்டனையும் கழட்டினா வென்சிங்.

"நான்தான் எடுத்தேன்," லாமெய் சொன்னா.

"என்ன?"

"வாகைப் பட்டையையும் கொட்டையையும் நான்தான் பொறுக்கி எடுத்தேன். தூஜோங் நான் போட்டது. அவங்க சரியாத்தான் கட்டினாங்க."

ஜிங் டாக்டருக்குப் புரியவே இல்ல. "எதுக்கும்மா?"

லாமெய் வெள்ளைத் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா: "சக்கையப் பாத்தா... என்ன நோவுன்னு தெரிஞ்சுடும். அவருக்கு இடுப்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன்."

பாவ் அக்கா கையில இருந்த சூரியகாந்தி விதையக் கொறிக்காம அப்படியே வெச்சிருந்தா. "அது உங்க சக்கையாடி?" அப்படின்னு கேட்டா, மெதுவா. கேட்டுட்டு அவளே தலைய குனிஞ்சுக்கிட்டா.

வென்சிங் நாலு பட்டனையும் ஒண்ணொண்ணா திருப்பி மாட்டினா. மாட்டி முடிச்சுட்டு நேரா லாமெய் முன்னாடி வந்து நின்னா.

"உன் வெக்கத்தை மூடிக்க உனக்கு என் கோட்டுதான் கெடைச்சுதா?"

"இல்ல அக்கா, நான்..."

"நாலு பட்டன். எண்ணினேன். நாலு பட்டன் கழட்டற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னே."

வென்சிங் தராசுக்குப் போயிட்டா. ஜிங் டாக்டர் அவகிட்ட ஏதோ சொல்ல வாயெடுத்தாரு, அவ திரும்பிக்கூட பாக்கல, டிராயரைப் படார்னு இழுத்தா. அவரு தொண்டைய செருமிக்கிட்டு ஷிலின் பக்கம் திரும்பினாரு.

"தம்பி, மறுபடியும் முதல்லேர்ந்துதான். மூணு மாசம். மாத்திரைய நிறுத்தலையே?"

"இல்லீங்க."

"இந்தக் கூத்தெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," ஷிலின் சொன்னான்.

லாமெய் நிமிந்து பாத்தா.

"தெரியுமா? பின்ன ஏன்யா சொல்லல?"

வென்சிங் கட்டித் தள்ளின பொட்டலங்களை ஷிலின் எடுத்துக்கிட்டான். டாக்டரும் விட்டுட்டாரு.

வெளிய பனி பூந்தூறலா விழ ஆரம்பிச்சிருந்துச்சு. கடைக்கு எதிர்ல பாலத்துச் சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஷிலினால அதுக்கு மேல நடக்க முடியல, போயி உக்காந்துட்டான். மடியில ஏழு பொட்டலம். கீழ தாவ் ஆறு மண்ணு கலரா ஓடுது. லாமெய் ரெண்டடி தள்ளி நின்னா.

"எப்பேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து. விடியக்காலைல எனக்குத் தூக்கம் எங்க வருது? சுவத்துல மாட்டின கண்ணாடில தெரிஞ்சுது. நீ பலகை மேல கொட்டிப் பொறுக்கிட்டு இருந்தே. அப்புறம் அடுப்புல வெடிக்கிற சத்தம்."

"ஒரு வார்த்த ஏன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சொல்லிடுவியே."

"என்ன சொல்லுவேன்னு நெனச்சே?"

அவன் பொட்டலத்துக் கயித்தை விரல்ல சுத்தினான். அவன் எப்பவுமே இப்ப மெதுவாத்தான் பேசறான், ஒவ்வொரு வார்த்தையும் கெணத்துலேர்ந்து இழுக்கற மாதிரி. "இவனுக்கு இனிமே எதுக்கு நல்ல சரக்குன்னு. நீ எத்தன நாள்தான் பாப்ப? சும்மா படுத்துக் கெடக்கறவனுக்கு... ஊத்தற வரைக்கும் ஊத்துவோம், மிச்சத்தை விட்டுடுவோம்னு நீ முடிவு பண்ணிட்டதா நெனச்சேன். தப்பா நெனக்கல லாமெய். நியாயம்னுதான் நெனச்சேன்."

"அஞ்சு வாரமா அப்படி நெனச்சுக்கிட்டா தெனம் குடிச்சே?"

"நீ நீட்டினே. குடிச்சேன்."

பாலத்து மேல ஒரு வண்டி வேர்மூட்டைய ஏத்திக்கிட்டு முக்கிக்கிட்டுப் போச்சு.

"அப்படியெல்லாம் இல்ல," லாமெய் சொன்னா. "வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான். ஷெட்ல சிரிச்சாங்க. நம்ம வீடுன்னு தெரியாமத்தான் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்."

"என்னை நெனச்சு வெக்கமா?"

இல்லைன்னு சொல்ல வாயெடுத்தா. இன்னிக்கு அது முடியல.

"ஆமா."

ஷிலின் தலைய ஆட்டினான். அப்புறம் நெஞ்சுலேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டான், கனமா எதையோ எறக்கி வெச்ச மாதிரி. ஏழெட்டு மாசத்துல லாமெய் பாக்காத மாதிரி அவன் மூஞ்சி தளந்துச்சு.

"வெக்கம் மட்டும்தானா?" அப்படின்னு கேட்டான்.

லாமெய் தலைய ஆட்டினா.

"நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன். வெக்கம்னா பரவால்ல." மடியில இருந்த பொட்டலத்தை ஒரு பக்கமா ஒதுக்கி, பெஞ்சுல விழுந்திருந்த பனியைக் கையால தட்டிவிட்டு எடம் பண்ணினான். "வா, உக்காரு. எவ்ளோ நேரம் நிப்பே."

அவன் ஒரு வார்த்த திட்டியிருந்தா லாமெய் உக்காந்திருப்பா. தட்டிவிட்ட எடத்துல மறுபடியும் பனி விழுந்து வெளுத்துக்கிட்டே வந்துச்சு, அவ நின்னுக்கிட்டேதான் இருந்தா.